மென்மை என்று ஒட்டிய பெட்டி

ஓரத்தக்காவின் இடது முன்கையைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் தோன்றுவது, வீட்டில் ஏதோ சரியில்லை என்பதுதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு நர்ஸ் ஒருமுறை குரலைத் தாழ்த்தி, உதவி வேண்டுமென்றால் கூப்பிடுங்கள் என்று ஒரு போன் நம்பரையே எழுதிக் கொடுத்துவிட்டாள். அக்கா அந்தச் சீட்டை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். நல்ல மனசோடு கேட்கிறவளிடம், இந்தச் சிவப்பெல்லாம் நானே போட்டுக்கொண்டது, இது என் உத்தியோகம் என்று இரண்டு ஸ்டாப்புக்குள் எப்படிச் சொல்லி முடிப்பது?

உத்தியோகம் நடப்பது டயர் கடைச் சந்தில் இருக்கும் மூன்று மாடிக் கட்டடத்தில். கீழே தோல் வெட்டுவார்கள். நடு மாடியில் தையலும் ஓரவேலையும். மேலே பெட்டி கட்டுவதும் ஆபீசும். பெல்ட், பை வார், நாய்க் கழுத்துப்பட்டை என்று எல்லாம் செய்து வந்த இடம். ஏழு வருஷத்துக்கு முன்னால் முதலாளியம்மா வேறொரு சாமானையும் எடுத்துச் செய்ய ஆரம்பித்தார். வெட்டுகிறவர்கள் அதற்குப் பெரியவங்க சாமான் என்று பேர் வைத்துச் சிரித்தார்கள். வயது வந்த இரண்டு பேர் கதவைச் சாத்திக்கொண்டு, முன்னாலேயே பேசி வைத்துக்கொண்டு விளையாடுகிற விளையாட்டுக்கு வேண்டிய சாமான் அது. ஒருவர் அடிப்பார், ஒருவர் வாங்கிக்கொள்வார். இரண்டு பேருக்கும் அது பிடித்திருக்கும். போதும் என்று சொன்னால் அத்தோடு நின்றுவிடும். கை அகலத்துக்குத் தோலை இரண்டு மடிப்பாக ஒட்டித் தைத்துப் பிடி வைத்தால் அது பலகை. பத்திருபது வாரைச் சேர்த்து ஒரு பிடியில் கட்டினால் அது கொத்து. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. வெட்கப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

அக்காவும் முதல் மாதம் சிரித்தவள்தான். வெட்டிய தோலின் ஓரத்தை ஈரமாக்கி, மரக்கட்டையால் தேய்த்துத் தேய்த்து வழவழவென்று உருட்டுவது அவள் வேலை. அதனால்தான் ஓரத்தக்கா. பெல்ட்டின் ஓரம் சொரசொரப்பாக இருந்தால் சட்டைதான் நொந்துகொள்ளும். இந்தச் சாமானின் ஓரம் அப்படி இருந்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அவளுக்கு மட்டும் கை அரித்தது. ஒருநாள் மதியம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு, தான் தேய்த்த கொத்து ஒன்றை எடுத்துத் தன் முன்கையிலேயே ஒன்று போட்டுப் பார்த்தாள். வாரின் நுனியைச் சதுரமாக வெட்டியிருந்தார்கள். அந்தச் சதுரத்தின் மூலை ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கடித்தது. அன்றைக்கே கீழே போய், நுனியை உருட்டி வெட்டுங்கள் என்று சண்டை போட்டு உருட்ட வைத்தாள்.

அன்றிலிருந்து அவள் கையில் படாமல் ஒரு சாமானும் மேலே போனதில்லை. அந்தக் கை கற்றுக்கொண்டதை எழுதினால் ஒரு புத்தகம் வரும். மெத்தென்ற தோலில் அகல வார், எண்ணிக்கை அதிகம் என்றால், கனமாக வந்து தொப்பென்று விழும். உடம்புக்குள் இறங்கும், ஆனால் தோலைச் சீண்டாது. அதே நீளத்தில் ஒல்லியான, விறைப்பான வார் என்றால் சுரீர் என்று மேலோடு தீயாய் எரியும். இரண்டு தோலுக்கு நடுவே ஒட்டாமல் இடைவெளி விட்டால், விழும்போது ஒன்றோடொன்று மோதி அண்டைவீட்டுக்காரன் எழுந்து வரும் அளவுக்குப் பளார் என்று சத்தம் வரும், வலி கால்வாசிகூட இருக்காது. பிடி லேசாக இருந்தால் தலை கையை இழுத்துக்கொண்டு ஓடும், அடிக்கிறவர் நினைத்த இடத்தில் விழாது. பிடிக்குள் கொஞ்சம் கனம் வைத்தால் மணிக்கட்டு சொன்னபடி கேட்கும். ஆக, கனம் என்றால் வலி, லேசு என்றால் சுகம் என்பது வெறும் கண்கணக்கு. தோல் அப்படிக் கணக்குப் போடுவதில்லை.

சோதித்து முடித்ததும் சாமானின் பின்பக்கம் சாக்பீஸால் தொப் என்றோ, பளார் என்றோ, சுரீர் என்றோ எழுதி, பக்கத்தில் கோடு போடுவாள். ஒரு கோடு போட்டால் மேலே பெட்டியில் மென்மை என்று ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். இரண்டு கோடு நடுத்தரம். மூன்று கோடு கடுமை. ஆறு வருஷம் இப்படித்தான் ஓடியது, ஒரு குறை வந்ததில்லை.

வீட்டில் வீட்டுக்காரருக்கு எல்லாம் தெரியும். மனுஷர் பஸ் டிரைவர். பிரேக் எப்படிப் பிடிக்கிறது என்று உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் தெரியும், ஓட்டுகிறவனுக்குத் தெரியாது, உன் வேலையும் அதுதான் என்று ஒரே வரியில் புரிந்துகொண்டவர். தெரியக்கூடாதவளுக்குத் தெரிந்ததுதான் வினை. நாத்தனார் ஒருநாள் அலமாரியில் ஏதோ தேடப்போய், அக்கா பழுது பார்க்கக் கொண்டுவந்திருந்த பலகையைக் கண்டுவிட்டாள். விஷயம் தெரிந்ததும் சீ என்றாள். குடும்பப் பொம்பளை செய்கிற வேலையா இது என்றாள். மூன்று மாதம் இந்த வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை.

இதே நாத்தனாரின் மகள், போன வருஷம், கன்னம் வீங்கி ஒரு கண் மூடி அம்மா வீட்டுக்கு வந்து நின்றாள். கட்டினவன் பெல்ட்டைக் கழற்றி அடித்திருக்கிறான். கை நீட்டாத ஆம்பிளை எங்கே இருக்கிறான் என்று சொல்லி, அன்றைக்குச் சாயந்திரமே ஆட்டோ பிடித்துத் திருப்பி அனுப்பியவள் இவள். அதில் சீ இல்லை. கேட்டுக்கொண்டு, ஒப்புக்கொண்டு, போதும் என்றால் நிறுத்துகிறவர்களுக்குச் சாமான் செய்வதில்தான் சீ. வெட்கப்பட வேண்டிய இடம் வேறு என்று சொன்னேனே, அது இதுதான். அந்தப் பெண்ணின் கையில் பஸ் நர்ஸ் கொடுத்த சீட்டைத் திணித்தது அக்காதான். அதற்கும் நாத்தனார் ஒரு மூச்சுக் கத்தினாள்.

போகட்டும். போன வருஷம் முதலாளியம்மாவின் மருமகன் ஆபீசுக்கு வந்தார். மேனேஜர் என்று பேர், கட்டடம் முழுக்க மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடும். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், குட்மார்னிங் சொல்லாமல் யாரையும் கடந்து போகமாட்டார். ஆனால் எதையும் கருவியில் வைத்துப் பார்த்தால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். ஒரு பொம்பளையின் முன்கையை நம்பி ஸ்டிக்கர் ஒட்டுகிறோம் என்பதைக் கேட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மறு வாரம் மேஜைமேல் ஒரு எலக்ட்ரானிக் தராசு வந்து உட்கார்ந்தது. நூற்றைம்பது கிராமுக்குக் கீழே என்றால் மென்மை. அதற்கு மேல் நடுத்தரம். இருநூற்றைத் தாண்டினால் கடுமை. சாக்பீஸ் எழுத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பெட்டியில் போடச் சொல்லி உத்தரவு.

தராசு வந்த மூன்றாம் மாதம் பலகையில் துளை வந்தது. பார்க்க அழகாக இருக்கிறது, வெளிநாட்டுக்காரன் எல்லாம் போடுகிறான் என்று மாப்பிள்ளை படம் காட்டினார். இரும்பு அச்சை வைத்து ஒரே அழுத்தில் பன்னிரண்டு துளை, ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. நூற்றுத் தொண்ணூறு கிராம் இருந்த பலகை நூற்று நாற்பதுக்கு இறங்கியது. தராசு அதைப் பார்த்து மென்மை என்றது.

அக்கா முதல் பலகையைக் கையில் போட்ட அன்றைக்கே துள்ளிவிட்டாள். அகலப் பலகை இறங்கும்போது அடியில் மாட்டிக்கொள்ளும் காற்றுதான் அதன் வேகத்தைத் தடுக்கிறது. துளை போட்டால் காற்று அதன் வழியே போய்விடும், பலகை தடையில்லாமல் வந்து விழும். விழுந்த இடத்தில் துளைக்குள் தோல் பிதுங்கும். துளையின் உள் ஓரமோ அச்சு வெட்டிய கூரோடு அப்படியே நிற்கிறது, அங்கே அவளுடைய மரக்கட்டை நுழையாது. அவள் கையில் பன்னிரண்டு வளையமும் மறுநாள் வரை இருந்தன. சுரீர், மூன்று கோடு என்று எழுதி, தானே மேலே கொண்டுபோய்க் கொடுத்தாள். உள்ளே இருக்கிற ஓரத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே துணியை எடுத்துத் துடைத்தார். சொல்லியாச்சு, இனி அவர்கள் பாடு என்று அக்கா இறங்கி வந்துவிட்டாள். அந்த ஒரு தடவையோடு விட்டது அவளை இன்னும் குத்துகிறது.

இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது, ஒரு பெண் எழுதியது. பலகையையும் சேர்த்துத் திருப்பி அனுப்பியிருந்தாள். கல்யாணமாகி நாலு வருஷமாம். இரண்டு பேரும் ரொம்ப நாள் யோசித்துப் பேசி, இதுதான் முதல் தடவையாம். மென்மை என்று போட்டிருந்ததைப் பார்த்துத்தான் வாங்கினார்களாம். மூன்றாவது அடியில் நிறுத்தச் சொன்னாள், அவர் உடனே நிறுத்திவிட்டார், ஆனால் தோல் வட்டமாக உரிந்து ரத்தம் வந்துவிட்டது. கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: காயம் ஆறிவிட்டது. ஆனால் மூன்று வாரமாக அவர் என் தோளில்கூடக் கை வைப்பதில்லை. தன் கைக்கு அளவு தெரியவில்லை என்று நினைக்கிறார். எனக்குப் பணம் வேண்டாம். எங்கே தப்பு நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள்.

அந்தக் கடிதத்தை மாப்பிள்ளை அக்காவிடம் காட்டியதே அதற்கு எழுதி வைத்திருந்த பதிலில் கையெழுத்து வாங்கத்தான். பதில் நாலே வரி. ஒரு தொழிலாளியின் கவனக்குறைவால் இந்த ஒரு பொருளில் மட்டும் ஓரம் சரியாகத் தேய்க்கப்படவில்லை, வருந்துகிறோம், புதிய பலகை இலவசமாக அனுப்புகிறோம். கீழே தொழிலாளி ஒப்பம் என்று ஒரு கோடு. வேலைக்கு ஒன்றும் ஆகாது, சும்மா ஃபைலுக்காகத்தான் என்று மாப்பிள்ளை சொன்னார். அவர் முதுகுக்குப் பின்னால் முந்நூற்று நாற்பது பெட்டி அடுக்கியிருந்தது, எல்லாம் துளைப் பலகை, எல்லாவற்றிலும் மென்மை. வெள்ளிக்கிழமை லாரி. இந்த ஒரு பொருளில் மட்டும் என்று அவள் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த முந்நூற்று நாற்பதும் சுத்தம். நாளைக்குச் சொல்கிறேன் என்று காகிதத்தை வாங்கிக்கொண்டு இறங்கினாள்.

அவள் தேய்த்த ஓரம் சரியில்லையாம். பத்தொன்பது வருஷம் அந்த மரக்கட்டையைப் பிடித்துப் பிடித்து வலது கட்டைவிரல் வளைந்தே போய்விட்டது, அந்த விரலின்மேல் பழியைப் போடுகிறார்கள். வீட்டுக்கு வந்தும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பாத்திரத்தை வைத்த சத்தத்திலேயே வீட்டுக்காரருக்கு விஷயம் பாதி தெரிந்துவிட்டது. முழுசையும் கேட்டுவிட்டு, ஒரு கையெழுத்துத்தானே, போட்டுத் தொலை, யார் வந்து உன்னைக் கேட்கப் போகிறார்கள் என்றார்.

"அந்தாளு தன் கையைப் பாத்துப் பாத்துப் பயந்துட்டு உக்காந்திருக்கான். தப்பு அவன் கையில இல்லைன்னு எனக்குத் தெரியுது. தெரிஞ்சுக்கிட்டு நான் எப்படிங்க கையெழுத்துப் போடுவேன்?" என்றாள்.

காலையில் வீட்டுக்காரர் ஷிப்டுக்குக் கிளம்பும்போது, அந்தக் காகிதத்தை மடங்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அவள் சாப்பாட்டு டப்பாவின்மேல் வைத்துவிட்டுப் போனார். எதற்கும் பத்திரமாக வைத்துக்கொள் என்பது அவர் பாஷையில் அதுதான்.

வேலைக்குப் போய் அக்கா மேலே ஏறும்போது கையில் இரண்டு பலகை இருந்தது. ஒன்று துளை போடாத பழைய மாதிரி, மற்றது துளைப் பலகை. முதலாளியம்மாவும் அன்றைக்கு வந்திருந்தார். அவரும் ஒரு காலத்தில் நடு மாடியில் தைத்தவர்தான், மூட்டுவலி வந்த பிறகுதான் நாற்காலிக்குப் போனார். அக்கா காகிதத்தை மேஜையில் வைத்தாள், பேனாவைத் தொடவில்லை. இரண்டு பலகையையும் தராசில் வைக்கச் சொன்னாள். மாப்பிள்ளை வைத்தார். நூற்றுத் தொண்ணூறு, நூற்று நாற்பது.

அடிக்கிற சாமான் என்றால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும் அக்கா, வாங்குகிறவர்களுக்கு அது தெரியாதா என்று அவர் பொறுமையாக ஆரம்பித்தார். இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. வலிக்கு ஒப்புக்கொண்டவர்கள் எந்த வலிக்கும் ஒப்புக்கொண்டவர்கள் என்று எவன் சொன்னான்? காரம் கேட்டவன் தட்டில் கண்ணாடித் தூளைப் போடலாமா? அக்கா அதையெல்லாம் பேசவில்லை. பழைய பலகையைக் கையில் எடுத்து, தம்பி, உங்கள் முன்கையில் ஒன்று போடலாமா, வேண்டாம் என்றால் வேண்டாம் என்று கேட்டாள். தராசில் பெரிய எண்ணைப் பார்த்ததால் அவருக்குத் தயக்கம். மாமியார் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று சட்டைக் கையை மடித்து நீட்டினார். அக்கா மணிக்கட்டை மட்டும் அசைத்து ஒன்று போட்டாள். தொப். அவ்வளவுதான். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்போடு அவரே, அடுத்ததையும் போடுங்கள் என்று கையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

அக்கா துளைப் பலகையை எடுத்து ஓங்கினாள். ஓங்கின கையை அப்படியே நிறுத்தினாள்.

"இது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா, தம்பி?"

"அதைவிட லேசாத்தான்க்கா இருக்கும். நான்தானே எழுதி ஒட்டினேன்."

பலகையைக் கீழே இறக்கினாள். "தெரியாம நீட்டுன கையில நான் அடிக்க மாட்டேன்" என்றாள்.

அப்புறம் தன் இடது முன்கையை மேஜைமேல் வைத்தாள். அவருக்குப் போட்ட அதே வேகம், அதே மணிக்கட்டு அசைவு, அதற்கு மேல் ஒரு துளி கூட்டவில்லை. சத்தம் பெரிதாக இல்லை. முதலில் கை வெளுத்தது, அப்புறம் சிவப்பு வளையம் ஒவ்வொன்றாக எழும்ப ஆரம்பித்தது. இரண்டு வளையத்தின் ஓரத்தில் புள்ளியாய் ரத்தம் கசிந்தது. அக்கா கையை எடுக்கவில்லை. அவர்கள் நன்றாகப் பார்க்கும்வரை அங்கேயே வைத்திருந்தாள்.

"இப்ப நீட்டுங்க" என்றாள்.

மாப்பிள்ளையின் கை எப்போது முதுகுக்குப் பின்னால் போனது என்று அவருக்கே தெரியாது.

"வேணாம்தானே? சரி, வேணாம். உங்களுக்கு நான் காட்டினேன், நீங்க கையை எடுத்துக்கிட்டீங்க. அந்தப் பொண்ணுக்கு யாரு காட்டினா? பெட்டியில எழுதியிருந்ததை நம்பித்தானே அவ சரின்னு சொன்னா. அவ எதுக்குச் சரின்னு சொன்னாளோ, அது அந்தப் பெட்டிக்குள்ள இல்ல."

முதலாளியம்மா எழுந்து வந்து அக்காவின் கையைத் திருப்பிப் பார்த்தார். தன் முந்தானை நுனியால் அந்த ரத்தப் புள்ளியை ஒற்றினார். பெட்டி கட்டுகிற பெண்ணைக் கூப்பிட்டு, முந்நூற்று நாற்பதையும் பிரிக்கச் சொன்னார், வெள்ளிக்கிழமை லாரி வரவேண்டாம் என்று போன் பண்ணச் சொன்னார்.

சோதனை மறுபடி அக்காவின் முன்கைக்கு வந்தது. தராசு இப்போது தோல் எடை பார்க்கக் கீழ் மாடியில் இருக்கிறது, அந்த வேலைக்கு அது நல்ல சாமான். துளைப் பலகை நிற்கவில்லை, அதையும் விரும்பிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள், தெரிந்து கேட்கிறவர்களுக்குக் கொடுப்பதில் என்ன தப்பு? துளையின் உள் ஓரத்தை உருட்ட அக்கா பென்சில் மாதிரி ஒரு மெல்லிய கட்டையைச் செதுக்கிக்கொண்டாள். பெட்டியில் கடுமை என்று பெரிய எழுத்தில் இருக்கிறது, முதல் தடவை என்றால் இது வேண்டாம் என்று கீழே ஒரு வரியும் இருக்கிறது. அந்த வரிக்காக அவள் மாப்பிள்ளையோடு இன்னொரு நாள் மல்லுக்கு நின்றது தனிக்கதை.

மிச்சம் இருந்தது அந்தப் பெண்ணுக்குப் பதில். நானே எழுதுகிறேன் என்றாள் அக்கா. எட்டாம் வகுப்போடு நின்ற கையெழுத்து, வரி மேலும் கீழும் ஏறி இறங்கியது. மாப்பிள்ளை படித்துப் பார்த்து, பொய் என்கிற வார்த்தையை மட்டும் தவறு என்று மாற்றலாமா என்று கேட்டார். முடியாது என்றாள். அவர் வற்புறுத்தவில்லை, உறைமேல் முகவரியை அவரே எழுதிக் கொடுத்தார்.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்.

அம்மா, எங்கே தப்பு என்று கேட்டிருந்தீர்கள். நாங்கள் பெட்டியில் பொய் எழுதி ஒட்டினோம். இந்தப் பலகை யார் பிடித்தாலும், எவ்வளவு மெதுவாகப் போட்டாலும் அப்படித்தான் கடிக்கும், என் கையிலேயே போட்டுப் பார்த்துச் சொல்கிறேன். நீங்கள் நிறுத்தச் சொன்னதும் உங்கள் வீட்டுக்காரர் நிறுத்திவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் கைக்கு அளவு தெரியும். இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.